ஃப்ரிட்டாட்டா சாஃப்ட்டா வர ஒரு டிப்ஸ்
இத்தாலிக்காரங்க மிச்சம் மீதி காய், சீஸ் எல்லாத்தையும் முட்டையோட சேர்த்து செய்யுற ஃப்ரிட்டாட்டாவுக்கு முக்கியமே காயில தண்ணி இல்லாம இருக்குறதுதான், அதனால சுக்கினி (வெள்ளரிக்கா மாதிரி இருக்குற காய்), கீரை, காளான் எதுவா இருந்தாலும் ஈரம் வத்துற வரைக்கும் ஆலிவ் ஆயில்ல நல்லா வதக்கிட்டு அப்புறமா 6 முட்டை, துருவின பார்மசான் சீஸ், உப்பு, மிளகு அடிச்சு ஊத்துங்க. ஓரம் செட் ஆனதும் பேனோட 180 டிகிரி அவன்ல 8-10 நிமிஷம். இத்தாலியில பழைய முறை தட்டு வச்சு திருப்பிப் போடுறது, அவன் இருந்தா அந்த ரிஸ்க்கே வேணாம். நடுவுல லேசா ஆடும்போதே எடுத்துடணும், மிச்ச சூட்டுலயே வெந்துடும், விட்டா ரப்பர் மாதிரி ஆயிடும். பிளாஸ்டிக் கைப்பிடி பேன் வேண்டவே வேண்டாம், வெளிய எடுத்ததும் கைப்பிடியில துணி சுத்தி வைங்க, யாராவது தெரியாம தொட்டுடப் போறாங்க.