துருப்பிடித்த பழைய காரை விற்கப் போகிறீர்களா? பெயிண்ட் அடிக்காதீர்கள்

மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் மாமா வீட்டுப் பின்புறம் பல வருடம் கிடந்த மோரிஸ் மைனர் காரை விற்றபோது கற்றுக்கொண்டது இது. புட்டி வைத்து, மேலே பெயிண்ட் பூசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். நல்லவேளை, செய்யவில்லை. முழுதாகப் புதுப்பிக்க வாங்குகிறவர் சட்டைப்பையில் காந்தத்தோடு வருகிறார். தகட்டில் ஒட்டும், கனமான புட்டியில் ஒட்டாது. அங்கே சந்தேகம் வந்தால் விலை போச்சு.

அதனால் துருவை மறைக்காமல் படம் எடுங்கள்: கால் வைக்கும் தரை, கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, சக்கர வளைவு. ஈரம் தேங்கும் இடங்கள், கடல் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் கிராண்டை, அதாவது வண்டியின் பதிவு ஆவணத்தை எடுத்து, அதிலுள்ள சேசிஸ், இஞ்சின் எண்கள் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் இவற்றைப் பார்ப்பார்கள். எண்ணின் மேல் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், திருத்தியதுபோல் தெரியும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

கழன்று விழுந்த விளக்கு வளையம், கைப்பிடி, பெயர் எழுத்துகள் எதையும் வீசாதீர்கள். மாமி குப்பை என்று ஒதுக்கிய பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டிய பிறகுதான் வந்தவர் பேரம் பேசுவதை நிறுத்தினார்.