அலுவலக நெட்வொர்க்கில் 445ஆம் போர்ட்டை இன்றே சரிபாருங்கள்

2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற கணினிப் புழு பிரிட்டனின் தேசிய சுகாதார சேவைக்குள் புகுந்தது. இங்கிலாந்தில் 236 மருத்துவமனை அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது. அது புகுந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாமல் விட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

யாரும் எதையும் கிளிக் செய்யாமலே அந்தப் புழு பரவியது. கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முதல் பதிப்பின் குறை வழியாக, அந்தப் பகிர்வுக்கான எண்ணிட்ட வாசலான 445ஆம் போர்ட் திறந்திருந்த அடுத்த கணினிக்குத் தானே தாவியது.

எனவே கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, 'எஸ்எம்பி 1.0' என்பதன் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய ஸ்கேனர்கள் சில அதன் வழியாகவே கோப்பு அனுப்புகின்றன. முதலில் அவற்றைக் கணக்கெடுங்கள். இணையத்திலிருந்து 445க்கு வரும் இணைப்பை ஃபயர்வாலில் முழுதாகத் தடுத்துவிடுங்கள். இதோடு நின்றுவிடாதீர்கள். அலுவலகத்துக்கு உள்ளேயும் ஒரு மேசைக் கணினி இன்னொரு மேசைக் கணினியின் 445ஐத் தொட வேண்டிய தேவை அநேகமாக இல்லை. ஃபைல் சர்வருக்கு மட்டும் வழி விட்டால் போதும். அப்டேட் போட முடியாத மருத்துவக் கருவி, ஆலைக் கணினி போன்றவற்றைத் தனி விலானில், அதாவது நெட்வொர்க்கின் தனிப் பிரிவில், பிரித்து வையுங்கள். பேக்கப்பின் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கோடு இணையாமல் இருக்கட்டும்.