மார்ச்சில் காற்று மோதும் கரையே நல்லது

தென்னாப்பிரிக்காவின் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ் போன்ற பெரிய அணைகளில் மார்ச், ஏப்ரலில் கார்ப் மீன் பிடிக்கப் போனால், காற்று வந்து மோதும் கரையில் உட்காருங்கள். முகத்தில் அடிக்கும், தூண்டில் வீசுவதும் சிரமம்தான். ஆனாலும் அந்தக் கரையே நல்லது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அப்போது இலையுதிர்காலத் தொடக்கம். இரவு குளிர்ந்தாலும் பகல் வெயிலில் மேல்நீர் சூடாகும். அந்த வெதுவெதுப்பான நீரைக் காற்று அந்தப் பக்கம் தள்ளும்; அலையில் சேறு கலங்கி, புழு பூச்சிகளும் வெளிவரும். மீன் இரை தேடிக் கரையோரம் வருவதால், அவித்த மக்காச்சோளத்தைக் கிட்டத்திலேயே போட்டால் போதும்.

விடியற்காலையில் இது அவ்வளவாகப் பலிக்காது, வெயில் ஏறட்டும். அப்புறம், தெற்கிலிருந்து குளிர்காற்று கிளம்பினால் மறைவான கரைக்கு மாறிவிடுங்கள். அந்தக் காற்று நீரைக் குளிரவைத்துவிடும்.