‘மௌன வசந்தம்’ நூலை எங்கிருந்து தொடங்குவது?

பூச்சிமருந்துகள் செய்யும் கேட்டைப் பற்றி ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய இந்நூலை (ஆங்கிலத்தில் Silent Spring) வரிசையாகப் படிக்கப்போய், மூன்றாவது அத்தியாயத்தின் ரசாயனப் பெயர்களோடு நிறுத்திவிட்டேன். நீங்கள் எட்டாவது அத்தியாயத்தில் தொடங்குங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும்.

அதில், அமெரிக்காவின் மிச்சிகனில் எல்ம் மரங்களைக் காக்க டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கிறார்கள். மருந்து இலையில் ஒட்டுகிறது. உதிர்ந்த இலையை மண்புழு தின்கிறது. வசந்தத்தில் வரும் ராபின் பறவை புழுவைத் தின்று, உடல் நடுங்கிச் சாகிறது. மரம், இலை, புழு, பறவை என்று பக்க ஓரத்தில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். ஒரு ராபினைக் கொல்லப் பெரிய மண்புழு 11 போதும். சில நிமிடத் தீனிதான் அது! அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் நின்றேன்.

அப்புறம் நான்காவது அத்தியாயம், கலிபோர்னியாவின் கிளியர் ஏரி. கொசு போன்ற சிறு பூச்சியை ஒழிக்கத் தண்ணீரில் மருந்து கலந்தார்கள், செத்தவை முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவைகள். இங்கே அம்புக்குறியை நீங்களே போட்டுவிடுவீர்கள்.

‘பூச்சிமருந்தே கூடாது என்றவர்தானே?’ என்று யாராவது கேட்டால், இரண்டாவது அத்தியாயத்தைக் காட்டுங்கள். ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்பது தன் வாதமல்ல என்று அவரே அங்கே எழுதியிருக்கிறார்.