மின்ச்சோ ஆற்றோரம் சைக்கிளில்: பெஸ்கியேராவிலிருந்து மாந்தோவா வரை

வட இத்தாலியில், கார்தா ஏரிக்கரையின் பெஸ்கியேராவிலிருந்து மின்ச்சோ ஆற்றோரமாகத் தெற்கே மாந்தோவா நகரம் வரை சுமார் 45 கி.மீ. பெரும்பாலும் சமதளமான சைக்கிள் பாதை. வேகமாகப் போனால் அரை நாளில் முடிந்துவிடும். இரண்டு நாள் ஒதுக்குங்கள், அதுதான் இந்தப் பாதைக்கு அழகு.

முதல் நாள் வழியிலுள்ள பொர்கெத்தோ கிராமத்தில் நிறுத்துங்கள். பழைய நீர் ஆலைகளும், 1393-இல் கட்டத் தொடங்கிய விஸ்கோந்தி பாலமும் அங்கே இருக்கின்றன. பக்கத்து ஊரான வலெஜ்ஜோவில் தோர்த்தெல்லினி (பூரணம் வைத்த சிறு பாஸ்தா) சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். மதிய உணவுக்கு 12:30-க்கே உட்கார்ந்துவிடுங்கள். 2:30-க்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும், சிறு கடைகள் பலவும் மதியம் சில மணி நேரம் மூடியிருக்கும்.

டயர் 35 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். மாந்தோவாவின் பழைய சதுக்கங்களில் பதித்திருப்பது உருண்டைக் கூழாங்கல். ஒல்லி டயர் வழுக்கும், காற்று குறைந்திருந்தால் ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கிப் பஞ்சராகும். மழை பெய்தால் இறங்கித் தள்ளுங்கள். மாற்று ட்யூப் இரண்டு, டயர் லிவர், சின்னப் பம்ப் போதும்.

குழாயில் 'நோன் பொத்தாபிலே' என்றிருந்தால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. திரும்பும்போது சைக்கிள் படம் போட்ட வட்டார ரயிலில் ஏறுங்கள். சைக்கிளுக்குத் தனிச்சீட்டு வேண்டும். மாலையில் ஆற்றோரம் கொசு அதிகம், களிம்பு மறக்காதீர்கள்.