இரண்டாவது இயங்குதளம்: டூயல் பூட்டிலும் விர்ச்சுவல் மெஷினிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் லினக்ஸையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, டூயல் பூட் (துவக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்து ஓட்டுவது) நல்லதா, விர்ச்சுவல் மெஷின் (ஒன்றுக்குள் மற்றொன்றை ஓட்டுவது) நல்லதா என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இரண்டாவது இயங்குதளத்தில் என்ன வேலை செய்யப்போகிறோம், அந்த வேலைக்குக் கணினியின் எந்தப் பாகம் நேரடியாகத் தேவைப்படும்? இதைத் தீர்மானிக்காமல், வேகமாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வட்டைப் பிரிக்கத் தொடங்குவதே நான் அதிகம் பார்த்த தவறு.

டூயல் பூட்டில் ஒரு நேரத்தில் ஒரு இயங்குதளம்தான் ஓடும். ஆனால் ஓடுகிறவரை ரேம், செயலி, வரைகலை அட்டை அனைத்தும் அதற்கே சொந்தம். விர்ச்சுவல் மெஷினில் இரண்டும் ஒன்றாக ஓடும். உள்ளே இருக்கும் உபுண்டு என்ற லினக்ஸ் தன்னுடைய வட்டு என்று நம்பிக்கொண்டிருப்பது, உண்மையில் விண்டோஸின் கோப்புறையில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. அதனால் விர்ச்சுவல் மெஷினில் தவறு செய்தால் பெரும்பாலும் அந்தக் கோப்பு மட்டுமே போகும். டூயல் பூட்டில் செய்தால், ஐந்தாண்டுப் புகைப்படங்களும் சான்றிதழ் நகல்களும் இருக்கும் வட்டு முழுவதுமே போகலாம்.

லினக்ஸ் கட்டளைகளைப் பழகவோ ஒரு நிரலைச் சோதித்துப் பார்க்கவோ மட்டும் வட்டைப் பிரிப்பது வீண் துணிச்சல். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கிடைக்கும், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் அந்த வேலைக்கே போதும். மறுபக்கம், வரைகலை அட்டையின் முழு வேகத்தைக் கேட்கும் விளையாட்டையோ காணொளித் தொகுப்பையோ, விர்ச்சுவல் மெஷினை உருவாக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு லினக்ஸே மெதுவானது என்று முடிவு கட்டுவதும் தவறுதான். அங்கே உள்ளிருக்கும் இயங்குதளத்துக்குக் கிடைப்பது போலியாக உருவாக்கப்பட்ட ஒரு வரைகலை அட்டையே.

டூயல் பூட்டில் மக்களை அதிகம் கலங்கவைப்பது, வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். என் அக்கா மகள் ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்து, "மாமா, கம்ப்யூட்டர் ஏதோ நம்பர் கேட்குது, நான் அப்படி எதுவுமே வைக்கலையே" என்றாள். உபுண்டுவை நிறுவுவதற்காக, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், நம்பகமான துவக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறாள். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதே அவளுக்குத் தெரியாது. துவக்க அமைப்பு மாறியதைக் கண்டதும் கணினி நீலத்திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிட்டது. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கணினி வாங்கிய அன்று புதிதாகத் தொடங்கி, பிறகு மறந்தே போன ஒரு கணக்கில் அது இருந்தது. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மீட்டு, திரையில் தெரிந்த அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியான எண்ணைத் தேர்ந்து, 48 இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அடித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கணக்கும் கிடைக்காமல், பழைய துவக்க அமைப்புக்கும் திரும்ப முடியாமல் போயிருந்தால் அந்த வட்டிலிருந்த எதையும் யாராலும் மீட்டிருக்க முடியாது.

ஆகவே பயாஸைத் தொடுவதற்கு முன் அந்த மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அமைப்புகளில் சாதனக் குறியாக்கத்தை அணைத்து, அது முழுமையாக நீங்கும்வரை காத்திருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. "நான் எதுவும் வைக்கவில்லை" என்று சொல்பவர்களின் வட்டும் பூட்டப்பட்டிருக்கலாம்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 தொட்டு இருந்துவரும் இந்த வசதியால், ஷட் டவுன் செய்த பிறகும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அதன் மையப்பகுதி உறக்கநிலையில் வட்டில் சேமிக்கப்படுகிறது. அந்த நிலையில் லினக்ஸுக்குச் சென்று விண்டோஸ் பகுதியைத் திறந்தால், அது படிக்க மட்டும் அனுமதிக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். கட்டாயப்படுத்தித் திறந்து கோப்புகளை மாற்றினால், அடுத்த முறை பழைய நினைவோடு எழும் விண்டோஸ் அந்தக் கோப்பமைப்பையே சிதைத்துவிடக்கூடும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இதை அணைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

வட்டில் இடம் ஒதுக்கும்போது விண்டோஸ் பகுதியை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் கொண்டே சுருக்க வேண்டும். நிறுவல் திரையில் வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தேர்வும், விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தேர்வும் அடுத்தடுத்து நிற்கும். தூக்கக் கலக்கத்தில் அந்தத் திரையை அணுகாதீர்கள். 512 ஜிபி வட்டை விண்டோஸ் 476 ஜிபி என்று காட்டும், சில லினக்ஸ் கருவிகள் 512 என்றே காட்டும். அளவை இரு விதமாகக் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது, வேறொரு வட்டு என்று எண்ணிவிட வேண்டாம். சுமார் 100 எம்பி அளவில் தனியாக நிற்கும் ஈஎஃப்ஐ பகுதியைப் பயனற்றது என்று நினைத்து ஃபார்மட் செய்தால் விண்டோஸ் துவங்காது, ஏனெனில் அதன் துவக்கக் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் இருந்தால் லினக்ஸ் நிறுவும் பென்டிரைவையும் அதே முறையில் துவக்க வேண்டும். பழைய லெகசி முறையில் துவக்கி நிறுவினால் இரண்டும் ஒரே பட்டியலில் சேராது.

இரண்டும் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு கடிகாரம் குழப்பும். தாய்ப்பலகையின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. அதனால் இந்தியாவில் காலை 9 மணிக்கு உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் மணி அதிகாலை 3.30 என்று காட்டும். தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினாலும், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றினாலும் சரியாகிவிடும். இரண்டிலும் மாற்றினால் சிக்கல் மறுபடி திரும்பி நிற்கும்.

ஒருமுறை நிறுவியாயிற்று, இனிக் கவலையில்லை என்றிருப்பதும் தவறு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின், செக்யூர் பூட் இயங்கிய பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸ் துவங்காமல், பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியோடு நின்றது. பழைய துவக்க நிரல்களைத் தடுக்க வந்த அந்த மாற்றம் டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் முன்பே சொல்லியிருந்தது. லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றை எப்போதும் மேசை இழுப்பறையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

விர்ச்சுவல் மெஷினில் தவறுகள் இவ்வளவு கொடியவை அல்ல, ஆனால் எரிச்சலூட்டுபவை. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் 6 ஜிபியை உள்ளிருப்பதற்குக் கொடுத்தால் இரண்டுமே தத்தளிக்கும். விர்ச்சுவல்பாக்ஸின் நினைவக அளவுகோலில் பச்சை நிறம் முடியும் இடத்தைத் தாண்டக் கூடாது. செயலியின் மெய்நிகராக்க வசதி பயாஸில் அணைந்திருந்தால் 64 பிட் இயங்குதளம் ஓடாது. விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வி பின்னால் இயங்கிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ்மூலையில் சிறிய ஆமைப் படம் தெரியும். வேகம் குறைந்ததன் காரணம் அங்கேயே எழுதியிருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

மெஷினின் ஒரு நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டைக் காப்புப்பிரதி என்று நம்புவதுதான் இங்கே எனக்கு உண்மையிலேயே கவலை தரும் தவறு. ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு நிகழும் மாற்றங்கள் மட்டும் தனிக் கோப்பாகச் சேர்கின்றன; அடியிலிருக்கும் மூலக்கோப்பு கெட்டால் மேலே அடுக்கியவை எதற்கும் உதவாது. இடம் போதவில்லை என்று அந்தக் கோப்புகளில் ஒன்றைக் கையால் அழித்தால் சங்கிலி அறுந்து மெஷின் திறக்காது. அழிப்பதாக இருந்தால் மென்பொருளின் வழியே அழிக்க வேண்டும். காப்பு வேண்டுமென்றால், மெஷினை முழுமையாக நிறுத்திவிட்டு, அதன் கோப்புறையை அப்படியே வேறொரு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும்.

எம்1 முதலான ஆப்பிள் சிலிக்கான் மேக் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸைப் பொறுத்தவரை இந்தத் தேர்வே கிடையாது. மேக்கில் விண்டோஸை டூயல் பூட் செய்ய உதவும் பூட் கேம்ப் அவற்றில் இல்லை. விர்ச்சுவல் மெஷின்தான் வழி, அதிலும் ஏஆர்எம் செயலிக்கான விண்டோஸைத்தான் தரவிறக்க வேண்டும்.

லினக்ஸை நீக்கும்போதும் அவசரம் ஆகாது. டூயல் பூட்டில் லினக்ஸ் பகுதியை மட்டும் அழித்துவிட்டு மறுதுவக்கம் செய்தால், லினக்ஸின் துவக்க நிரலான கிரப், அழிந்துபோன பகுதியைத் தேடிக் கறுப்புத்திரையில் நிற்கும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு ஏற்றி, இரண்டு மூன்று முறை விண்டோஸ் நேராகத் துவங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு லினக்ஸ் பகுதியை அழித்து, விடுபட்ட இடத்தை விண்டோஸ் பகுதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.