பனிமூட்டத்தில் வார்னிஷ் அடிக்காதீர்கள்

வெலிங்டன் ராணுவ முகாமைப் பார்த்து வளரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு டேங்க் மாடல் மீது ஆசை வராமல் இருக்குமா? செய்ததை எடுத்துக்கொண்டு குன்னூரில் என் வீட்டுக்கு வருகிறார்கள். பாகத்தை மாற்றி ஒட்டுவது, பசை வழிவது எல்லாம் கை பழகினால் போய்விடும். அவற்றை விட்டுவிட்டு மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஈரக் காற்றில் மேட் வார்னிஷ்

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எல்லா வேலையும் முடிந்த பிறகு, பளபளப்பில்லாத மேட் வார்னிஷை அடிக்கும் கடைசிக் கோட்டில் நடக்கும் தவறு இது.

போன மழைக்காலத்தில் அருவங்காட்டுப் பையன் ஒருவன் 1/35 அளவு டி-55 டேங்க் கொண்டுவந்தான். நிஜத்தில் பீரங்கிக் குழலோடு சேர்த்து 9 மீட்டர். மாடலில் சுமார் 26 சென்டிமீட்டர். சக்கரப் பட்டையில் ஒட்டிய சேறு வரை அழகாகச் செய்திருந்தான். ஆனால் வண்டி முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது.

“மழை பெய்யலைண்ணா, மூட்டம்தான். வராண்டாவுல வச்சு அடிச்சேன்.”

வெளுப்பை மறைக்க மேலே இன்னொரு கோட் வேறு!

மழை வேண்டியதில்லை, மூட்டமே போதும். ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் சட்டென்று ஆவியாகும்போது அடித்த இடம் குளிர்ந்துபோகும். காற்றின் ஈரம் அங்கே நுண்துளியாகப் படிந்து, காயாத வார்னிஷில் சிக்கிக்கொள்ளும். அந்த வெள்ளை அதுதான்.

சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 80 சதவீதம் தாண்டினால் நான் டப்பாவைத் தொடுவதில்லை. 60-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. குன்னூரில் அக்டோபர், நவம்பரிலும் நல்ல மழை உண்டு. அதனால் கடைசிக் கோட்டை ஜனவரி, பிப்ரவரி மத்தியான வெயிலுக்கு ஒத்திப்போடுங்கள். டேங்க் எங்கும் ஓடிவிடாது.

அந்த டி-55-க்கு வெயில் நாளில் கிளாஸ், அதாவது பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக அடித்தோம். பெரும்பகுதி தெளிந்துவிட்டது. இரண்டாவது கோட் தடிப்பாக விழுந்த டரட் (குழலைத் தாங்கிச் சுழலும் மேல்பகுதி) மட்டும் இன்னும் வெள்ளைதான்.

மேட் பெயின்ட் மேல் டீகால்

டீகால் என்பது எண், சின்னம் உள்ள மெல்லிய ஒட்டுப்படம். மேட் பெயின்ட்டின் சொரசொரப்பில் காற்று சிக்கி, அதைச் சுற்றி வெள்ளி மாதிரி மின்னும். முதலில் கிளாஸ், அப்புறம் டீகால், கடைசியில் மேட்.

ஹேர் டிரையரைக் கிட்டே பிடிப்பது

மெல்லிய குழல் வளைந்துவிடும். கை பொறுக்காத சூட்டை மாடலுக்குக் காட்டாதீர்கள்.

கணப்புச் சட்டி எரியும் அறையில் தின்னர்

கூடவே கூடாது. ஆவி பற்றிக்கொள்ளும். குளிரடித்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.